பழைய வலி எப்போது பழையதாகிறது?

எங்கள் பழைய வீட்டு வாசலில் ஒரு இரும்புக் கேட் இருந்தது. அதன் கொண்டிச் சத்தத்தை வைத்தே அப்பா குடித்திருக்கிறாரா இல்லையா என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். கொண்டி மெதுவாக விலகினால் அன்றைக்குப் பயமில்லை, திரும்பிப் படுத்துத் தூங்கலாம். கேட் 'டங்'கென்று தூணில் மோதினால் தம்பியை எழுப்பி இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓட வேண்டும். அங்கேதான் பின்பக்கக் கதவு இருந்தது. எனக்கு அப்போது 9 வயது, தம்பிக்கு 5.

இன்று எனக்கு 41. அப்பா போய் 14 வருடம் ஆகிறது. என் கணவர் குடிப்பவர் இல்லை, கோபம் வந்தால்கூட அவர் குரல் உயராது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை இரவில் வேலை முடிந்து தாமதமாக வந்தார். காற்று வேகத்தில் கேட் அவர் கையை மீறிப் போய்த் தூணில் மோதியது. எனக்கு நினைவு வந்தபோது நான் அடுப்படியில், மகளின் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன். வயிறு முறுக்கியது. உள்ளங்கை நனைந்திருந்தது. "அம்மா, கை வலிக்குது, விடும்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்பதே உறைத்தது.

அந்த அரை நிமிடம் எனக்குள் என்ன நடந்தது, அது எப்படிச் சரியாகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஒரு உளவியல் ஆலோசகரிடம் ஒரு வருடத்துக்கு மேல் போய்வந்தவள். அவர் சொல்லித் தந்ததும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததும்தான் இதில் இருக்கிறது. என்னைப் போல ஏதோ ஒரு சத்தத்துக்கோ வாசனைக்கோ உறைந்து நிற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தேதி இல்லாத நினைவு

போன வருடம் ஒரு கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு கூடிப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எந்த மண்டபம், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் சொல்ல முடியும். ஆனால் அதை நினைத்தால் இப்போது நாக்கு கரிப்பதில்லை. அது நடந்து முடிந்த விஷயம் என்று மூளைக்குத் தெரியும்.

இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு இடமும் காலமும் சேர்த்து அடுக்கி வைப்பதில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பக்கத்திலேயே, பாதாம் பருப்பு வடிவத்தில், அமிக்டலா என்ற சிறிய பகுதி இருக்கிறது. ஆபத்து என்று பட்டால் மணி அடிப்பது அதன் வேலை. இதயத் துடிப்பு கூடுவது, வியர்ப்பது, கை கால் ஓடத் தயாராவது எல்லாம் அந்த மணிக்குக் கிடைக்கும் பதில்தான்.

உயிர்ப்பயம் வரும் நேரத்தில் மணி அடிப்பது பலமாக நடக்கிறது, அடுக்கி வைக்கும் வேலை தடுமாறுகிறது. அதனால் சத்தம், வாசனை, வெளிச்சம், வயிற்றுக் கலக்கம் என்று துண்டு துண்டாக ஆழப் பதிகிறது. 'இது இந்த வருடம், இந்த வீட்டில் நடந்தது, முடிந்துவிட்டது' என்ற பகுதி மட்டும் சரியாக ஒட்டுவதில்லை. ஆய்வாளர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பேசுவார்கள், நமக்கு இவ்வளவு போதும். தேதி ஒட்டாத நினைவு திரும்பி வரும்போது 'அன்று' என்று வராது, 'இப்போது' என்றே வரும். அந்த மழை இரவில் நான் அப்பாவை நினைத்துக்கொள்ளவில்லை. அந்த 9 வயதிலேயே இருந்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். பயத்தை முதலில் கற்றுக்கொடுத்தது ஒரு கேட்தான். அப்புறம் எல்லாக் கேட்டும், லாரிக் கதவு மூடும் சத்தமும், பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும் சத்தமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

இதற்கு மருத்துவத்தில் நிலையான பெயர் கிடைக்கவே வெகுகாலம் ஆனது. முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே நடுங்கிப்போன வீரர்களைக் கோழைகள் என்றுகூடச் சொன்னார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்த பிறகுதான், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பி.டி.எஸ்.டி. என்ற நோயை, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு தொடரும் மனப் பாதிப்பை, தன் பட்டியலில் சேர்த்தது. ஒரே ஒரு விபத்து இல்லாமல், சிறு வயதில் வருடக்கணக்கில் அடியும் பயமுமாக வளர்ந்தவர்களின் பாதிப்பு வேறு மாதிரியானது. பயத்தோடு 'நான் எதற்கும் லாயக்கில்லாதவள்' என்ற எண்ணமும், யாரோடும் நெருங்க முடியாத தவிப்பும் அதில் சேர்ந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கென்று தனிப் பெயர் 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில்தான் வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு அழுகையாக வந்தது. எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

பயந்துவிட வேண்டாம், வலி பட்ட எல்லோருக்கும் இது நோயாக மாறுவதில்லை. உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது கொடிய நிகழ்வு ஒன்றைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் பி.டி.எஸ்.டி. வருகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் தங்கள் மனிதர்களின் துணையோடே மீண்டுவிடுகிறார்கள். நோய் என்ற அளவுக்குப் போகாவிட்டாலும், உள்ளே ஏதோ ஒன்று ஆறாமல் கிடக்கிறவர்கள் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

சூடு கண்ட பூனை

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. இந்தப் பழமொழியில் ஆறாத வலியின் இரண்டாம் பாதி இருக்கிறது.

நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? குடிக்கிறவர்கள் வரக்கூடிய எந்த விசேஷத்துக்கும் போக மாட்டேன். வீட்டில் கடைசி ஆள் வந்து சேரும்வரை படுக்க மாட்டேன். அப்பாவின் போட்டோவை மாட்டவே இல்லை. யாராவது சிறுவயதுக் கதை பேச ஆரம்பித்தால் காபி போடுவதாக எழுந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு லேசானது. சிக்கலே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. ஒதுங்கியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுப்பு ஆறிப்போய்ப் பல வருடம் ஆகியும் பூனைக்கு அது தெரிய வழியில்லை, அது போய்ப் பார்த்தால்தானே!

'காலம் எல்லாத்தையும் ஆத்தும்' என்று ஆறுதல் சொல்கிறார்கள். அன்போடு சொல்வதுதான். ஆனால் காலம் மட்டும் போனதால் எனக்கு ஆறவில்லை. 30 வருடம் போயிற்று, அந்த 'டங்' சத்தம் ஒரு துளிகூடத் தேயவில்லை.

ஆறுவது எப்படி?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களை அடிக்கிறவர், மிரட்டுகிறவர் இன்னும் உங்கள் வீட்டிலேயே இருந்தால், பழையதை ஆற்றும் வேலைக்கு இது நேரம் இல்லை. முதலில் பாதுகாப்பு. இந்தியாவில் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. மணி அடிக்க நியாயமான காரணம் இருக்கும்வரை மணியை நிறுத்தச் சொல்லி மனதோடு மல்லுக்கட்டக் கூடாது.

பாதுகாப்பு வந்த பிறகு செய்ய வேண்டியது, அந்த நினைவுக்கு விட்டுப்போன தேதியை ஒட்டுவது. என் ஆலோசகர் முதல் நான்கைந்து வாரம் அப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்லிக் கொடுத்தார். அப்படி நீளமாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், நாடி பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். படபடப்பு வரும்போது வாய்விட்டுச் சொல்ல ஒரு வரியும் தந்தார். இன்று என்ன தேதி, எந்த ஊர், என் வயது என்ன, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். குழந்தைத்தனமாகத் தோன்றியது. ஆனால் மூளைக்குக் கிடைக்காமல் போன தகவல் அதுதானே? அதைத்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆறாவது வாரமோ என்னவோ, "அந்தக் கேட் என்ன நிறம்?" என்று கேட்டார்.

"பச்சை. கீழே துரு."

"சத்தம் கேட்டதும் என்ன செய்வீங்க?"

"தம்பியை எழுப்புவேன். அடுப்படிக்குப் போவோம்."

"அப்புறம்?"

அதற்கு மேல் யாரிடமும் நான் சொன்னதில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் அவனை உட்கார வைத்து, அவன் வாயை என் கையால் அழுத்திப் பொத்துவேன். அவன் மூச்சு முட்டித் திமிறுவான், என் விரலைக் கடிப்பான். 30 வருடமாக என் தம்பி முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். அப்பாவைப் போலவே நானும் அவனைக் கொடுமைப்படுத்தினேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் பொத்தினீங்க?"

"அழுதா அப்பாவுக்குக் கேட்டுடும்."

"கேட்டிருந்தா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பொண்ணுக்கு இப்போ 9 வயசுதானே? அவ இப்படிப் பண்ணியிருந்தா அவகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்றார். அன்று அந்த அறையில் அழுத அழுகைக்கு வயது 30க்கு மேல். நடந்தது எதுவும் மாறவில்லை. ஆனால் அதற்கு நான் வைத்திருந்த அர்த்தம் மாறிப்போனது.

டிராமாவுக்கான, அதாவது இப்படி மனதில் ஆறாமல் கிடக்கும் காயத்துக்கான, பல சிகிச்சைகளின் உள்ளே இதுதான் நடக்கிறது. பாதுகாப்பான இடத்தில், துணைக்கு ஒருவர் இருக்க, அளவாக அந்த நினைவைத் தொடுவது. மணி அடிக்கும், ஆனால் ஆபத்து வராது. மறுபடி தொடுகிறோம், மறுபடியும் வராது. பயந்த பழைய பாடத்துக்குப் பக்கத்திலேயே 'இது வெறும் கேட்' என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. பழையது அழிந்துபோவதில்லை. அதனால்தான் உடம்பு முடியாத நாளிலோ, புது ஊரிலோ பயம் சட்டென்று எட்டிப்பார்க்கும். பட்ட பாடெல்லாம் வீண் என்று அப்போது நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் முறை இறங்குவது முதல் முறையைவிட வேகமாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

2000ஆம் ஆண்டு நியூயார்க்கில் கரீம் நாதர், க்ளென் ஷேஃப், ஜோசப் லெடூ ஆகிய மூவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சத்தத்தைக் கேட்டால் ஷாக் அடிக்கும் என்று எலிகள் முன்பே கற்றிருந்தன. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கவைத்து, உடனே அமிக்டலாவில் புதுப் புரதம் உருவாகாமல் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பிறகு அதே சத்தத்துக்கு எலிகள் முன்போல உறையவில்லை. நினைவூட்டாமல் மருந்து கொடுத்த எலிகளிடம் பயம் அப்படியே இருந்தது. அதாவது, நினைவைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்ச நேரம் ஈரமண் போல இளகுகிறது, அப்புறம்தான் மறுபடி இறுகுகிறது. மனிதர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் நினைவு என்பது கல்வெட்டு என்ற எண்ணத்தை அந்தச் சோதனை அசைத்துப் பார்த்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை.

எழுதுவதும் அழுவதும்

யாரிடமும் பேச முடியாதவர்களுக்கு எழுத்து ஒரு வழி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், தங்கள் வாழ்க்கையின் மிகக் கசப்பான அனுபவத்தை எழுதச் சொன்னார். நடந்ததோடு அப்போது பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது, இதையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம். எழுதும்போது மூச்சடைத்தால், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். அப்படிப்பட்ட நினைவைத் தனியாகத் திறக்கக் கூடாது.

நம் கிராமங்களில் இந்த வேலையை ஒப்பாரி செய்துகொண்டிருந்தது. ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு பெண்கள் அழுவதை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். கிடத்தியிருப்பது ஒரு வீட்டுப் பிணம். ஆனால் சுற்றி அழுகிறவள் ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் போனவர்களையும் சேர்த்தே அழுவாள். இறந்தவரைத் திட்டவும் அதில் இடம் உண்டு. 'என்னை இப்படித் தவிக்கவிட்டுப் போனியே' என்று உரக்கக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். 16ஆம் நாள் காரியம் என்று ஒரு முடிவும் உண்டு. இப்போது துக்க வீட்டில் அழுகிறவளைப் பார்த்து "சும்மா இரு, பிரஷர் ஏறிடும்" என்கிறோம். நாம் இழந்தது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சடங்கே செய்ய முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பார்க்கிறோம். 2009 மே மாதம் போர் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 தொடக்கத்திலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உடல் இல்லை, தேதி இல்லை. காரியம் செய்தால் பிள்ளையைத் தானே கொன்றதாக ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. இப்படி முடிவு தெரியாத இழப்பைத் தனியொரு வகைத் துயரமாகவே உளவியல் பார்க்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல வருடம் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஊரே காயப்பட்டிருக்கும்போது ஆளுக்கு ஆள் தனியாக வைத்தியம் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து ஆற வேண்டும் என்று தொடர்ந்து சொல்லிவந்தவர். அந்தத் தாய்மாரிடம் போய் 'மறந்துடுங்க' என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியது உண்மை.

மன்னித்தே ஆக வேண்டுமா?

"பெத்த அப்பன்தானே, மன்னிச்சுடு, உனக்கே நல்லது" என்று சித்தி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மன்னித்ததால் மனம் லேசானவர்கள் உண்டு. ஆனால் அது தானாகக் கனிய வேண்டியது. தடியால் அடித்துப் பழுக்க வைத்தால் உள்ளே வெம்பிப்போகும். நான் இன்றும் அப்பாவை முழுதாக மன்னிக்கவில்லை. ஆனாலும் நன்றாகத் தூங்குகிறேன். குடிக்காத காலையில் அவர் எனக்குத் தலை பின்னிவிட்டதும் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. முன்பெல்லாம் அது வரவே வராது, பயம் அதையும் சேர்த்து மறைத்திருந்தது.

எப்போது போக வேண்டும்

விபத்தோ மரணமோ நடந்த கையோடு ஒருவரை உட்கார வைத்து 'நடந்ததை எல்லாம் கொட்டிவிடு' என்று வற்புறுத்துவது நல்லதல்ல. அப்படி ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. அது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிகிறது என்று தெரிந்த பிறகு இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. முதல் நாட்களில் தேவை சாப்பாடு, தூங்க இடம், சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது, பேசினால் கேட்பது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் வேலை செய்த தொண்டர்களுக்குப் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அத்தனை வீட்டுக்கும் மருத்துவர் போக முடியாது, பக்கத்து வீட்டுக்காரர்தான் போக முடியும்.

ஒரு மாதம் தாண்டியும் அதே கனவு, அதே படபடப்பு, வேலைக்குப் போக முடியாத நிலை என்றால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ போய்ப் பாருங்கள். பல வருடம் ஆகியிருந்தாலும் போகலாம், நான் 39 வயதில்தான் போனேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926. செத்துவிடலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் இப்போதே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மாத்திரை தேவையா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். முதலில் பார்த்த ஆலோசகர் ஒத்துவராவிட்டால் வேறு ஒருவரைப் பாருங்கள். எனக்கும் முதல் ஆள் சரிப்படவில்லை, "பாசிட்டிவா யோசிங்க" என்று அனுப்பிவிட்டார்.

கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று பலர் கேட்கிறார்கள். பெரிய வார்த்தைகள் தேவைப்படுவதில்லை. ஏன், எதற்கு என்று குடையாமல், எது பயமுறுத்துகிறது என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். என் கணவரிடம் கேட் கதையை முழுதாகச் சொன்னது போன வருடம்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கொண்டிக்கு எண்ணெய் விட்டார், தூணில் மோதும் இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு துண்டு ஒட்டினார். அன்றிலிருந்து எவ்வளவு நேரமானாலும், கொண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே தெருவிலிருந்து "நான்தான்மா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.